பைபாப் மாட்டினால் வாய் ஏன் இப்படிக் காய்கிறது?

பைபாப், அதாவது மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்றை ஊதி மூச்சுக்கு உதவும் மெஷின், மாட்டியிருக்கும் ஒருவர் பக்கத்தில் ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தால் தெரியும், அவர் முதலில் கேட்பது தண்ணீர்தான். மூச்சுத்திணறல் கொஞ்சம் அடங்கி, கண் தெளிந்து, நம்மை அடையாளம் கண்டதும் கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் குடிப்பதுபோல் சைகை காட்டுவார். நாம் நர்ஸைப் பார்ப்போம், நர்ஸ் "இப்ப வேண்டாம், புரை ஏறிடும்" என்பார், அவர் பொறுமை இழந்து மாஸ்க்கைப் பிடித்து இழுப்பார். என் அம்மாவுக்கு நாற்பது வருஷ விறகடுப்புப் புகையால் வந்த சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். அவரோடு இரண்டு தடவை இதை அனுபவித்திருக்கிறேன். முதல் தடவை, பிடிவாதம் செய்கிறார் என்று நினைத்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப்போய் ஒரு சொல்கூடப் பேச முடியாமல் இருந்திருக்கிறார் என்பதும், அந்த வறட்சியில் பெரும்பகுதியைத் தடுத்திருக்கலாம் என்பதும் பிறகுதான் புரிந்தது. இரண்டாம் தடவைக்குள் கொஞ்சம் படித்தேன், நிறையக் கேட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த மாஸ்க் எதற்கு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் சிபாப் ஒரே அழுத்தத்தில் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். பைபாப் மூச்சை இழுக்கும்போது கூடுதலாகவும் விடும்போது குறைவாகவும் ஊதும். இரண்டிலும் தொண்டைக்குள் குழாய் இறக்குவதில்லை, முகத்தில் மாஸ்க் மட்டும்தான். சிஓபிடி முற்றி மூச்சு மோசமாகி வருபவர்களுக்கு இந்த மாஸ்க் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 1995-இல் லோரான் ப்ரோஷார் குழுவினர் 85 நோயாளிகளை வைத்துக் காட்டினார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேருக்குத் தொண்டையில் குழாய் போட வேண்டி வந்தது, மாஸ்க் போட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குத்தான். ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் ஒரு பக்கம் 29 சதவீதம், மறுபக்கம் 9. இவ்வளவு பலனும் மாஸ்க் முகத்தில் இருக்கிற நேரத்துக்குத்தான். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கழற்றி எறிந்தால் எந்தப் பலனும் இல்லை. வாய் காய்வதைச் சின்ன அசௌகரியம் என்று தள்ளிவிடக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுதான் காரணம். மாஸ்க்கைக் கழற்ற வைக்கும் எதுவும் சின்ன விஷயமாக இருக்க முடியாது.

சரி, வறட்சி எங்கிருந்து வருகிறது? அதற்கு மூக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். மூக்குக்குள் இரண்டு பக்கச் சுவர்களிலும் மும்மூன்று சுருள் மடிப்புகள் இருக்கின்றன. மேலே ஈரமான சவ்வு, அதற்கு அடியில் நெருக்கமாக ரத்தக்குழாய்கள். உள்ளே போகும் காற்று இந்த மடிப்புகளை உரசிக்கொண்டு போவதில் சூடேறுகிறது, ஈரமும் ஏறுகிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தைத் தாண்டிக் கொஞ்சதூரம் போவதற்குள் அது 37 டிகிரியில், லிட்டருக்கு 44 மில்லிகிராம் நீராவியோடு முழு ஈரமாகிவிடுகிறது. இதில் அழகான பகுதி திரும்பி வரும் பயணம்தான். காற்றைச் சூடாக்கிக் கொடுத்ததில் மூக்குச் சவ்வு கொஞ்சம் குளிர்ந்திருக்கும். நுரையீரலிலிருந்து வெதுவெதுப்பான ஈர மூச்சு அதன் மேல் படும்போது, குளிர்ந்த தண்ணீர் நிரப்பிய சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோல், ஈரத்தில் ஒரு பங்கு திரும்பவும் சவ்வில் படிந்துவிடும். மூக்கு தண்ணீரைக் கடனாகக் கொடுத்து, அடுத்த மூச்சிலேயே கொஞ்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

உள்ளே போகும் காற்றில் ஏற்கெனவே எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வானிலை அறிக்கையில் சொல்லும் ஈரப்பதச் சதவீதம் இங்கே நம்மை ஏமாற்றிவிடும். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று கொஞ்சமே தாங்கும். தாங்கக்கூடியதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான் அந்தச் சதவீதம் சொல்கிறது. சென்னையில் 30 டிகிரி, 75 சதவீதம் ஈரப்பதம் உள்ள ஒரு சாயங்காலம் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 23 மில்லிகிராம் தண்ணீர் இருக்கும். அதே வீட்டில் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டு அறை 24 டிகிரிக்கு வந்து ஈரப்பதம் 50 சதவீதம் ஆனால் 11 மில்லிகிராம்தான். ஊட்டியில் 10 டிகிரிக் குளிரில், எதிரே வருகிற ஆள் தெரியாத மூடுபனியில், ஈரப்பதம் 100 சதவீதம். ஆனால் லிட்டருக்கு 9 மில்லிகிராம் சொச்சம்தான். பனிக்குள்ளேயே நின்றாலும் 44-க்கு மீதி 35 மில்லிகிராமை மூக்குதான் தர வேண்டும்.

இப்போது மெஷினுக்கு வருவோம். ஐசியூவில் இருக்கும் பெரிய வென்டிலேட்டர்கள் சுவரில் உள்ள குழாயிலிருந்து ஆக்ஸிஜனையும் அழுத்தப்பட்ட காற்றையும் எடுத்துக்கொள்கின்றன. குழாய்களும் வால்வுகளும் கெடாமல் இருக்க அந்த இரண்டையுமே வேண்டுமென்றே உலர்த்தித்தான் அனுப்புகிறார்கள், அதில் ஈரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ளும் பைபாப்பிலும் சிபாப்பிலும் ஒரு சின்ன விசிறி அறைக்காற்றை இழுத்து ஊதுகிறது, அறையில் என்ன ஈரமோ அதுதான் வரும். ஆக்ஸிஜனைக் கூடச் சேர்த்தால் அதுவும் குறையும். 2009-இல் ஃபிரான்சுவா லெலூஷ் குழுவினர் ஆரோக்கியமான ஆட்களுக்கு மாஸ்க் போட்டு இதை அளந்து பார்த்தார்கள். ஈரப்படுத்தும் கருவி எதுவும் இல்லாமல் ஐசியூ வென்டிலேட்டரில் லிட்டருக்குச் சுமார் 5 மில்லிகிராம், விசிறி மெஷினில் சுமார் 13. தொட்டித் தண்ணீரைச் சூடுபண்ணிக் காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரை இணைத்தபோது 25 முதல் 30 வரை வந்தது. 5 மில்லிகிராமில் வறட்சியைத் தாங்குவது அவர்களுக்குக் கடினமாக இருந்தது, 15-க்கு வந்ததும் பெரிதாகக் குறைசொல்லவில்லை. ஆரோக்கியமானவர்களுக்கே இப்படி. மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடக்கிற நோயாளி, ஈரமாக்கித் தருகிற மூக்கையே தாண்டிவிட்டு நேராக நாக்கின் மேல் அந்தக் காற்றை வாங்குகிறார்.

ஆனால் உலர்ந்த காற்று மட்டும்தான் காரணம் என்றால், வீட்டில் ஏசி இல்லாமல், சென்னைப் புழுக்கத்தில் சிபாப் போட்டுத் தூங்குபவருக்கு வாய் காயவே கூடாது. காய்கிறதே, காலையில் அட்டைபோல் ஆகிவிடுகிறதே! கசிவுதான் இதற்குக் காரணம், லீக் என்று ஆஸ்பத்திரியில் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் கசிவை வைத்துக்கொள்ளுங்கள். வாய் காய்கிறது என்று ஒருவர் சொன்னால் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், காற்று எந்த வழியாக வெளியே போகிறது என்று பார்க்க வேண்டும்.

மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் போட்டவரை எடுத்துக்கொள்வோம். ஆழ்ந்த தூக்கத்தில் தாடை தளர்ந்து வாய் திறக்கிறது. வைத்த அழுத்தம் குறைவதை மெஷின் உணர்ந்து, ஈடுகட்ட இன்னும் வேகமாக ஊதுகிறது. அந்தக் காற்று மூக்கு வழியாக நுழைந்து, நுரையீரல் பக்கமே எட்டிப் பார்க்காமல், தொண்டையில் திரும்பி வாய் வழியாக வெளியே ஓடுகிறது. மூச்சு போவதும் வருவதுமாக இருந்த இடத்தில் இப்போது ஒரே திசையில் ஒரு ஓட்டம். கடனைத் திருப்பிக் கொடுக்கும் அந்த ஈர மூச்சு மூக்குக்கு வருவதே இல்லை, மூக்கு கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நிமிஷத்துக்கு 40 லிட்டர் இப்படி ஓடினால் மணிக்கு 2,400 லிட்டர். ஒவ்வொரு லிட்டரும் சவ்விலிருந்து 20 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டால்கூட மணிக்கு 48 மில்லி தண்ணீர், ஆறு மணி நேரத்தில் கிட்டத்தட்ட முந்நூறு மில்லி. ஒரு பெரிய டம்ளர் தண்ணீரை மூக்கிலிருந்தும் தொண்டையிலிருந்தும் வழித்து எடுத்ததுபோல! அவ்வளவு தண்ணீரைக் கொடுக்க அந்தச் சவ்வால் முடியாது, அதற்கு முன்பே காய்ந்துபோகும்.

காய்ந்தால் அதோடு நிற்பதும் இல்லை. சவ்வு எரிச்சலடைந்து வீங்குகிறது, மூக்கு அடைக்கிறது. 1996-இல் சிட்னியில் ரிச்சர்ட்ஸ், சலிவன் முதலானோர் ஆரோக்கியமான சிலருக்கு சிபாப் போட்டு, கொஞ்ச நேரம் வேண்டுமென்றே வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னார்கள். அந்தச் சில நிமிஷத்திலேயே மூக்கு வழியாகக் காற்று போவதற்கான தடை பெரிதும் ஏறிவிட்டது. சூடான ஈரக்காற்றைக் கொடுத்தபோது அந்த ஏற்றம் வெகுவாகக் குறைந்தது, குளிர்ந்த தண்ணீருக்கு மேலே காற்றை ஓடவிட்டபோது குறையவில்லை. இந்தச் சுழலைக் கவனியுங்கள்: வாய் திறக்கிறது, காற்று ஒரே பக்கமாக ஓடி மூக்கு காய்கிறது, காய்ந்த மூக்கு அடைத்துக்கொள்கிறது, அடைத்ததால் வாய் வழியாக மூச்சு விடத் தோன்றுகிறது, வாய் இன்னும் திறக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்குச் சின்னதாக ஆரம்பித்தது மூன்று மணிக்கு ஆளை எழுப்பிவிடும். மெஷின் எனக்கு ஒத்துவரவில்லை என்று அலமாரியில் தூக்கி வைப்பவர்களில் நிறையப் பேர் இந்தச் சுழலில் மாட்டியவர்கள் என்றே நினைக்கிறேன்.

வாயையும் மூக்கையும் சேர்த்து மூடும் பெரிய மாஸ்க்கில் கதை கொஞ்சம் வேறு. அவசர நேரத்தில் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் இதைத்தான் போடுவார்கள், ஏனென்றால் திணறுகிறவர் வாயால்தான் மூச்சு விடுவார். இதில் கசிவது மாஸ்க்கின் ஓரத்தில், கன்னத்துக்கும் ரப்பருக்கும் நடுவில், அல்லது மூக்குத் தண்டின் பக்கவாட்டில் கண்ணை நோக்கி. அப்படிக் கசியும் காற்று தொண்டையை உரசிப் போகாது என்பது உண்மைதான், ஆனால் ஈடுகட்ட மெஷின் வேகத்தைக் கூட்டும்போது, தொட்டியிலிருக்கும் தண்ணீர் அவ்வளவு காற்றை நனைக்க முடியாமல் திணறுகிறது. வருகிற காற்று அரைகுறை ஈரத்தோடு திறந்த வாய்க்குள் அடிக்கிறது. கண்ணும் சேர்ந்து காய்ந்து சிவந்துபோகிறது. அம்மாவுக்கு முதல் தடவை நடந்தது இதுதான். கன்னம் ஒட்டிய சின்ன முகம், அவருக்குப் பெரிய அளவு மாஸ்க், பல்செட்டையும் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார்கள். கசிவைத் தடுக்க வாரை இறுக்கினார்கள், மூக்குத் தண்டு புண்ணானது, கசிவு நிற்கவில்லை. அந்த ராத்திரி ஹியூமிடிஃபையர் சுவிட்சும் போடப்படவில்லை என்று காலையில் வந்த வேறொரு நர்ஸ்தான் கண்டுபிடித்தார். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, ஒரு நர்ஸுக்கு எத்தனை படுக்கை என்று நானும் எண்ணிப் பார்த்தவன்தான். ஆனால் கூட இருப்பவர்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டிருப்போம் அல்லவா?

சூடுபண்ணும் ஹியூமிடிஃபையர் எப்படி வந்தது என்பதும் சுவாரசியமானது. 1969-இல் நியூசிலாந்தில், ஆக்லாந்து ஆஸ்பத்திரித் தீவிர சிகிச்சை மருத்துவர் மேத்யூ ஸ்பென்ஸின் தேவைக்காக, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்துகொண்டிருந்த ஃபிஷர் அண்ட் பைக்கல் கம்பெனியில் முதல் மாதிரியை உருவாக்கினார்கள். பழம் பதப்படுத்திவைக்கும் கண்ணாடி ஜாடிதான் அதன் தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, 1981-இல், சிட்னியில் காலின் சலிவன் மூக்கு வழியாக அழுத்தக் காற்று கொடுத்துத் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதைச் சரிசெய்ததை வெளியிட்டார். காற்றை ஊத அவர் கையாண்டது வாக்குவம் கிளீனர் மோட்டாரைத்தான். வறண்ட காற்றை ராத்திரி முழுக்க மூக்கில் ஊதினால் என்ன ஆகும் என்ற கேள்வி அதற்குப் பின்னாலேயே வந்துவிட்டது. இன்று தட்டுச் சூடாகும், தொட்டித் தண்ணீர் ஆவியாகும், காற்று அதற்கு மேலே போய் ஈரத்தை வாரிக்கொண்டு வரும். 1999-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சூடான ஈரக்காற்றோடு சிபாப் போட்டவர்கள் இரவுக்குச் சராசரியாக 5.5 மணி நேரமும், ஈரமில்லாமல் போட்டவர்கள் 4.9 மணி நேரமும் மாட்டியிருந்தார்கள். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் மணி நேரக்கணக்கு இப்படிக் கூடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வாய், தொண்டை வறட்சி குறைவது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது, எனக்கு அதுவே போதுமான காரணம்.

ஆஸ்பத்திரியில் மூன்று விதமான சாமான்களைப் பார்ப்பீர்கள், மூன்றையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. வென்டிலேட்டர் பக்கத்தில் தட்டோடு இருக்கும் சூடுபண்ணும் ஹியூமிடிஃபையர்தான் மாஸ்க் சிகிச்சைக்குச் சரியானது. அமெரிக்க மூச்சுச் சிகிச்சையாளர் சங்கத்தின் 2012 வழிகாட்டுதலும் மாஸ்க்குக்கு இதைத்தான் பரிந்துரைக்கிறது. தொண்டையில் குழாய் போட்டவருக்கு 37 டிகிரியில் வைப்பார்கள், மாஸ்க் போட்டவருக்கு அதைவிடக் குறைவாக, 31 டிகிரியை ஒட்டி. மூக்கும் கூட வேலை செய்கிறது என்பதாலும், அதற்கு மேல் போனால் முகத்தில் வெந்நீராவி அடிப்பதுபோல் புழுங்கும் என்பதாலும். இரண்டாவது, குழாயில் சொருகும் ஃபில்டர் போன்ற சின்ன உருளை. வெளியே வரும் மூச்சின் ஈரத்தைப் பிடித்து அடுத்த மூச்சில் திருப்பிக் கொடுக்கும், ஏறக்குறைய ஒரு செயற்கை மூக்கு. மாஸ்க்குக்கு இது சரிப்படாது. கசிவு இருந்தால் வெளி மூச்சு அதற்குத் திரும்பி வராது, போதாததற்கு அதன் உள்ளே இருக்கும் இடத்தில் பழைய மூச்சு தங்கிக் கார்பன் டை ஆக்ஸைடு ஏறும். அந்த வாயு ஏறியதற்காகவே பைபாப் போட்டவருக்கு இது பாரம். மூன்றாவது, ஆக்ஸிஜன் மீட்டரில் தொங்கும் குமிழி பாட்டில். சூடுபண்ணாத தண்ணீரில் குமிழி விடுவதால் பெரிதாக ஈரம் சேர்வதில்லை. நிமிஷத்துக்கு நாலு லிட்டருக்குள் ஆக்ஸிஜன் ஓடினால் அது தேவையே இல்லை, தொற்றுதான் மிச்சம் என்பது பிரிட்டனின் நுரையீரல் மருத்துவர் அமைப்பான பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் கருத்து. பாட்டிலில் குமிழி வருவதைப் பார்த்து 'ஈரமாகத்தான் போகிறது' என்று நிம்மதி அடைவோம், நானும் அப்படி அடைந்தவன்தான்.

இன்னொரு காரணம் மாஸ்க்குக்கு வெளியே, மருந்துச் சீட்டில் இருக்கிறது. ஐப்ராட்ரோபியம், டையோட்ரோபியம், கிளைகோபைரோனியம் எல்லாம் மூச்சுக்குழாயை விரிக்கும் நல்ல மருந்துகள். அவை தடுக்கும் அதே நரம்புச் செய்திதான் உமிழ்நீர்ச் சுரப்பியையும் இயக்குகிறது, அதனால் எச்சில் குறையும். நீர் பிரிய ஃப்யூரோசெமைட், தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ அமிட்ரிப்டிலின், சளிக்கு என்று தானாக வாங்கிப் போட்ட குளோர்பெனிரமின், இவையும் சேர்ந்துகொள்ளும். ஸ்டீராய்டு ஊசியில் சர்க்கரை ஏறினால் தாகம் வேறு. தூக்கத்தில் எச்சில் சுரப்பது இயல்பாகவே மிகவும் குறைந்துவிடும் என்பதால் இதெல்லாம் ராத்திரியில்தான் பளிச்சென்று தெரியும். மருந்தை நாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் என்னென்ன மருந்து போகிறது என்று பட்டியலைக் காட்டி 'இதில் வாயைக் காய வைப்பது எது, மாற்று இருக்கிறதா' என்று கேட்கலாம். தாகமும் வறட்சியும் வேறு வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையில் சலைன் ஏற்றினால் காய்ந்த நாக்கு நனையாது, இதயம் பலவீனமானவருக்கு அந்தக் கூடுதல் தண்ணீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளவும் கூடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது சளி. மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய முடிகள் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், ஈரம் குறைந்தால் அந்த ஓட்டம் மந்தப்படும். நாள்கணக்கில் வறண்ட காற்றில் மாஸ்க் போட்டிருந்தவர்களுக்குச் சளி பிசினாக இறுகி மூச்சுவழியையே அடைத்து உயிருக்கு ஆபத்தான சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. வரும் சளி திடீரென்று கெட்டியாகி நூல் இழுத்தாலோ, ரத்தக் கீற்று தெரிந்தாலோ, நேற்று இருமி வந்த சளி இன்று வராமல் மூச்சு மோசமானாலோ அதைக் 'கொஞ்சம் குறைஞ்சிருக்கு' என்று எடுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், கசிவை என்ன செய்வது? வாரை இறுக்குவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும், பெரும்பாலும் அது தப்பு. அளவு சரியில்லாத மாஸ்க்கை இறுக்கினால் ரப்பர் மடங்கி இன்னும் கசியும். மாஸ்க்கைத் தூக்கி முகத்தில் மறுபடி உட்காரவைத்து, ஆள் படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது வாரைச் சரிசெய்ய வேண்டும், வாருக்கு அடியில் இரண்டு விரல் போகும் அளவுக்கு. நினைவு தெளிவாக இருப்பவருக்கு, மருத்துவர் சம்மதித்தால், பல்செட்டை மாட்டிவிட்டாலே கன்னம் நிரம்பிக் கசிவு குறையலாம், அம்மாவுக்கு இரண்டாம் தடவை அப்படித்தான் ஆனது. தாடி, அடர்ந்த மீசை, மூக்கில் போட்டிருக்கும் உணவுக் குழாய் எல்லாமே கசிய வைக்கும். மூக்கு மாஸ்க் போட்டு வாய் திறப்பவர்களுக்குத் தாடையைத் தாங்கும் பட்டை சிலருக்கு உதவும், சிலருக்குப் பெரிய மாஸ்க்தான் வழி. வாயில் பிளாஸ்திரி ஒட்டும் யோசனையை, தானாகப் பிய்த்தெடுக்க முடியாதவருக்கும் வாந்தி வரக்கூடியவருக்கும் கிட்டவே கொண்டு போகாதீர்கள். மிக முக்கியமானது ஒன்று: மாஸ்க்கிலோ அதன் வளைவிலோ இருக்கும் சின்னத் துளைகள் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வரும், அது கசிவில்லை. வெளி மூச்சு போவதற்காகவே வைத்த வழி அது. 'காத்து வீணாகுதே' என்று அதில் டேப் ஒட்டியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். தயவுசெய்து ஒட்டாதீர்கள், கார்பன் டை ஆக்ஸைடு வெளியேற வழியிருக்காது. வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவை காலையில் கசிவு எவ்வளவு என்று காட்டும். ரெஸ்மெட் கம்பெனியின் சிபாப் மெஷின்களில் நிமிஷத்துக்கு 24 லிட்டர் எல்லைக்கோடு, இந்தத் துளைகளில் போவதைக் கழித்த பிறகுள்ள கணக்கு அது.

ஈரத்தைக் கூட்டியதும் குழாயில் தண்ணீர் தேங்கிக் களகளவென்று சத்தம் வரும், சில நேரம் மூக்கில் தெளிக்கவும் செய்யும். பயந்துபோய் ஹியூமிடிஃபையரையே அணைத்துவிடுவார்கள். வெதுவெதுப்பான ஈரக்காற்று ஏசிக் குளிரில் கிடக்கும் குழாய்க்குள் போகும்போது வேர்க்கிறது, அவ்வளவுதான். மெஷினைத் தலைமட்டத்துக்குக் கீழே வையுங்கள், குழாய்க்குத் துணி உறை போடுங்கள், ஏசியை 26, 27-க்கு ஏற்றுங்கள், முடிந்தால் தானே சூடாகும் குழாயாக வாங்குங்கள். ஏசியை ஏற்றுவது இரட்டை லாபம்: குழாய் வேர்ப்பது குறையும், அறைக்காற்றிலும் ஈரம் கூடும்.

வாயைப் பார்த்துக்கொள்வது தனி வேலை. மருத்துவர் அனுமதித்து, ஆள் விழிப்பாக இருந்து, நிமிர்ந்து உட்கார முடிந்தால், மாஸ்க்கைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டு வாய் வாயாகத் தண்ணீர் கொடுக்கலாம். அரைமயக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொட்டும் கூடாது, நர்ஸ் மறுப்பது சரிதான். ஆனால் குடிக்கக் கூடாது என்றால் வாயை நனைக்கவும் கூடாது என்றாகாது. சுத்தமான தண்ணீரில் முக்கிப் பிழிந்த காஸ் துணியாலோ ஸ்பாஞ்சுக் குச்சியாலோ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாக்கு, ஈறு, உள் கன்னம் துடைக்கலாமா என்று கேளுங்கள், மாஸ்க் எடுக்கும் இடைவேளையிலேயே செய்துவிடலாம். எலுமிச்சை கலந்த கிளிசரின் கேட்க நன்றாக இருக்கும், திரும்பத் திரும்பத் தடவினால் வாயை இன்னும் உலர்த்தும், பல் எனாமலையும் அரிக்கும். உதட்டுக்கு நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வழக்கம். ஆக்ஸிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை தீக்குத் துணைபோகும், மாஸ்க் ரப்பரும் கெடும், அதனால் தண்ணீர் சார்ந்த ஜெல்தான் நல்லது. மூக்கில் எண்ணெய் விடவே விடாதீர்கள், அது நுரையீரலுக்குள் இறங்கினால் அங்கே ஒருவித நிமோனியாவை உண்டாக்கும். மூக்கு காய்ந்தால் சலைன் சொட்டு போதும். எச்சில் கிருமியைத் தடுக்கும், அமிலத்தைத் தணிக்கும். அது இல்லாத வாயில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சைக் காளான் படரும், அதிலும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவருக்குச் சீக்கிரம் வரும். இன்ஹேலருக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொல்வது இதனால்தான்.

தொட்டித் தண்ணீரைப் பற்றி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், மருந்துக் கடையில் கிடைப்பதை. பேட்டரிக்கு ஊற்ற வாங்கும் தண்ணீர் இதற்கானது இல்லை, போர் தண்ணீரில் ஒரு வாரத்தில் தட்டின் மேல் வெள்ளை உப்பு படிந்துவிடும். மிச்சத்தை தினமும் கொட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வைத்து, ராத்திரி புதிதாக நிரப்ப வேண்டும், நேற்றையதன் மேலேயே ஊற்றி நிரப்பக் கூடாது. 2021-இல் கோவிட் இரண்டாம் அலையில் கறுப்புப் பூஞ்சை பரவியபோது ஹியூமிடிஃபையரில் கிருமிநீக்கிய தண்ணீரையே ஊற்ற வேண்டும் என்று ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அறிவுறுத்தியது. தமிழ்நாட்டில் அந்த மே மாதம் அது அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகவும் ஆக்கப்பட்டது. அந்த நோய்க்கு முக்கியக் காரணங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் அளவுமீறிய ஸ்டீராய்டும்தான். என்றாலும் வாரக்கணக்கில் மாற்றாத பாட்டில் தண்ணீரை நோயாளி மூச்சில் இழுக்கட்டும் என்று யாராலும் விட முடியாது.

அம்மா இப்போது வீட்டில் ராத்திரிக்குப் பைபாப் போட்டுக்கொள்கிறார். மாஸ்க் ஒரு அளவு சின்னது, ஈரம் நடுவளவில், ஏசி 27. காலையில் நான் திரையில் கசிவு எண்ணைப் பார்ப்பேன், அவர் அதையெல்லாம் பார்க்க மாட்டார். தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, "நேத்து நல்லா குடிச்சிருக்கு" என்று சொல்லிக் கழுவ எடுத்துப் போவார்.